அகரவரிசை விசையமைப்புகளும் காப்புரிமைத் தகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

விசைப்பலகையில் எழுத்துகளை எவ்வரிசையில் வைப்பது என்னும் முடிவு சட்டத்தின் பார்வையில் ஒரு கண்டுபிடிப்பாகுமா என்பது கணித்தமிழ் ஆய்வில் அவ்வப்போது எழும் வினாவாகும். அகரவரிசையைத் தழுவிய மாற்று விசையமைப்புகளை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் அமைப்பு அகரவரிசையோடு நெருங்கும் அளவுக்குப் புதுமையை இழக்கிறது. விலகும் அளவுக்கு, அவ்விலகலின் தொழில்நுட்பப் பயனை மெய்ப்பிக்க வேண்டிய சுமை கூடுகிறது. காப்புரிமைக்கு இடமுண்டெனில் அது எழுத்துகளின் வரிசையில் அன்று; விசைகளுக்கு இடையேயும், விசைக்கும் பொறிக்கும் இடையேயும் அமையும் வினைத்தொடர்பில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: விசையமைப்பு, அகரவரிசை, காப்புரிமை, புத்தாக்கப் படி, தமிழ்99, இந்தியக் காப்புரிமைச் சட்டம்.

முன்னுரை

வழக்கமான ஆங்கில விசைப்பலகையின் மேல் எழுத்து வரிசையில், பகர அடைப்புக்குறி விசைகள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் பன்னிரண்டு விசைகள் உள்ளன. நடு வரிசையில் பதினொன்று. கீழ் வரிசையில் பத்து. தமிழ் உயிரெழுத்துகளும் பன்னிரண்டே. அகரம் முதல் ஔகாரம் வரை மேல் வரிசையில் நிரப்பி, ககரம் முதல் னகரம் வரையுள்ள பதினெட்டு மெய்களையும் எஞ்சிய இரு வரிசைகளில் பரப்பினால் மூன்று விசைகள் மிஞ்சும். புள்ளிக்கும் ஆய்தத்திற்கும் அவை போதும். நெடுங்கணக்கு அறிந்த எவரும் இத்தகைய ஓர் அமைப்பை அரைமணி நேரத்தில் வரைந்துவிடலாம். அவ்வாறு வரைந்தவர் அதற்குக் காப்புரிமை பெற்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறர் அதனைப் பயன்படுத்தாதவாறு தடுக்க இயலுமா?

இயலும் என்றால், ஒரு மொழியினர் தம் எழுத்துகளைத் தமக்குப் பழகிய வரிசையில் தட்டுவதற்கே உரிமம் பெற வேண்டிய நிலை தோன்றும். எக்காலத்தும் இயலாது என்றால், எழுத்துகளின் வருகைவீதத்தையும் விரல்களின் இயக்கத்தையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஓர் அமைப்பை உருவாக்குபவரின் உழைப்புக்குச் சட்டம் எவ்வகையிலும் ஈடு செய்யவில்லை என்றாகும். இரண்டுக்கும் இடையே சட்டம் எங்கே கோடு கிழித்துள்ளது என்பதை அறிவது விசையமைப்பு ஆய்வில் ஈடுபடுவோர்க்குத் தேவையாகிறது.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். கண்டுபிடிப்பாளருக்கு வழங்கப்படும் உரிமையைத் தமிழகத்தில் காப்புரிமை என்றும் இலங்கையில் ஆக்கவுரிமை என்றும் வழங்குகிறோம். நாளிதழ்களோ நூலாசிரியரின் பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே எழுதிவிடுகின்றன. இக்கட்டுரையில் காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கான உரிமையை மட்டுமே குறிக்கும். இவ்வேறுபாட்டை மறந்ததால் விசைப்பலகை பற்றிய விவாதங்கள் திசைமாறியதும் உண்டு.

பொறியிலிருந்து பிரியாத வரிசை

கிறித்தோபர் லாதம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூலே ஆகிய மூவரும் 1868ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று தட்டச்சுப்பொறிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அதன் எண் 79,265. அப்பொறியின் விசைகள் பியானோவின் விசைகளைப் போன்றவை. இன்று குவெர்ட்டி எனப்படும் வரிசையை ஒத்த அமைப்பு, ஷோல்ஸ் 1878இல் பெற்ற 207,559 எண்ணுள்ள காப்புரிமையின் வரைபடத்தில் காணப்படுகிறது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எழுத்துகள் படிப்படியாக இடம் பெயர்ந்தன. தொடக்க வரிசை அகரவரிசையே என்பதற்கு இன்றைய விசைப்பலகையின் நடு வரிசை சான்றாக நிற்கிறது: டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்னும் எழுத்துகள் இன்னும் ஆங்கில அகரவரிசையின் ஒழுங்கிலேயே உள்ளன, இடையிலிருந்த உயிரெழுத்துகள் மட்டுமே மேலே சென்றுவிட்டன. ஆகவே அகரவரிசை விசையமைப்பு என்பது குவெர்ட்டிக்கு மாற்றாக வந்த புதுமையன்று, குவெர்ட்டிக்கு முந்தையது. ஆங்கில அகரவரிசை அமைப்புக்குப் புதுமை கோருவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய செய்தி இதுவேயாகும்.

எழுத்து வரிசையையே மையமாகக் கொண்ட காப்புரிமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் டுவோராக்கும் வில்லியம் டீலியும் 1936ஆம் ஆண்டு மே 12 அன்று பெற்ற 2,040,248 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையாகும். உயிரெழுத்துகளை நடு வரிசையின் இடப்பக்கத்திலும் மிகுதியாக வரும் மெய்களை அதே வரிசையின் வலப்பக்கத்திலும் அவர்கள் வைத்தனர். ஏன் அவ்வாறு வைத்தனர் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் வரும் வீதம், இரண்டிரண்டாக இணைந்து வரும் எழுத்துகள், இரு கைகளும் மாறிமாறி இயங்குதல், விரல்களின் வலிமை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டினர். வரிசையை உடல் இயக்கத்தோடும் பொறியோடும் பிணைத்தமையே அவ்விண்ணப்பத்தின் வலிமை.

ஆயினும் உரிமை கிடைத்ததால் பயன் கிடைத்ததா என்பது வேறு. அக்காலச் சட்டப்படி காப்புரிமையின் காலம் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். 1953இல் அது முடிந்துவிட்டது. அமெரிக்க அரசின் பொதுப்பணி நிர்வாகத்துக்காக ஏர்ல் ஸ்டிராங் நடத்திய புகழ்பெற்ற ஒப்பாய்வு 1956இல்தான் வெளிவந்தது. அதுவும் டுவோராக்குக்குச் சாதகமாக அமையவில்லை. அமெரிக்கத் தரநிறுவனம் அவ்வமைப்பை மாற்றுத் தரமாக ஏற்றது 1980களின் தொடக்கத்தில். காப்புரிமை உயிரோடிருந்த காலத்தில் சந்தை வரவில்லை. சந்தை திரும்பிப் பார்த்த காலத்தில் காப்புரிமை இல்லை.

பின்னாளில் இரு காப்புரிமைகள் நம் பொருளுக்கு நெருக்கமானவை. ஏடா நிரல்மொழியை வடிவமைத்த ழான் இக்பியா, ஒரே விரலால் அல்லது எழுதுகோலால் தட்டுவதற்கென ஃபிட்டலி என்னும் அமைப்பை உருவாக்கி 1990களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்து வரும் எழுத்துகளுக்கு இடையே விரல் கடக்கும் தொலைவைக் குறைப்பதே அதன் அடிப்படை. டெஜிக் நிறுவனம் 1998இல் பெற்ற 5,818,437 எண்ணுள்ள காப்புரிமையோ கைப்பேசியின் டி9 முறைக்குரியது. இது நுணுகி நோக்கத்தக்கது. டி9 பயன்பட்ட விசைப்பலகை முற்றிலும் அகரவரிசையானது; எண் 2இல் ஏ, பி, சி என்று தொடங்கும் பழைய தொலைபேசி வரிசையே அது. அவ்வரிசையில் டெஜிக் எதையும் மாற்றவில்லை. ஒரு விசைக்கு மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும்போது, பயனர் எச்சொல்லைக் கருதினார் என்பதைச் சொற்பட்டியலின் துணையால் பொறி தெரிந்துகொள்ளும் முறையே அங்குக் கண்டுபிடிப்பு. எழுத்து வரிசை பழையதாகவே இருக்க, அதன்மேல் இயங்கும் வினைமுறை காப்புரிமைக்கு உரியதாயிற்று.

அச்சுச் செய்தி என்னும் தடை

அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் ஒரு கொள்கை, வெறும் அச்சுச் செய்தியைப் புதிதாக அடுக்குவது கண்டுபிடிப்பாகாது என்பதாகும். 1931ஆம் ஆண்டின் ரசல் வழக்கு இதற்கு அடிப்படையானது. பெயர்ப்பட்டியலில் பெயர்களை எழுத்துக்கூட்டல் வரிசையில் அல்லாமல் ஒலிப்பு அடிப்படையில் அடுக்கும் முறைக்கு விண்ணப்பதாரர் உரிமை கோரினார். தாளில் செய்தியை அடுக்கும் முறை மட்டும் காப்புரிமைக்கு உரியதன்று என்று நீதிமன்றம் மறுத்தது. அகரவரிசைக்கு மாற்றாக ஓர் எழுத்து வரிசையைக் கோரும் எவருக்கும் இத்தீர்ப்பு தொலைவிலிருந்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை எனலாம்.

அக்கொள்கையின் எல்லையை 1983இல் குலாக் வழக்கு வரைந்தது. ஒரு வளையப் பட்டையில் குறிப்பிட்ட ஒழுங்கில் இலக்கங்களை அச்சிட்டு, எவ்விடத்தில் தொடங்கினும் கணிதப் பண்புடைய எண்தொடர் கிடைக்குமாறு அமைத்திருந்தார் விண்ணப்பதாரர். முடிவற்ற வளையமாக இருப்பதால்தான் அவ்விலக்கங்கள் பயன் தருகின்றன. அவ்விலக்கங்கள் இருப்பதால்தான் வளையத்துக்குப் பயன். அச்சுச் செய்திக்கும் அதைத் தாங்கும் பொருளுக்கும் இடையே புதிய வினைத்தொடர்பு உண்டா என்பதே கேள்வி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி, விண்ணப்பத்தை மறுத்த முடிவை மாற்றியது.

இவ்வளவுகோலை விசைப்பலகைக்குப் பொருத்திப் பார்க்கலாம். விசையின்மேல் ஒட்டப்பட்ட எழுத்தை மட்டும் மாற்றினால் அது ரசல் வழக்கின் பக்கம் சாயும். எழுத்தின் இடத்துக்கும் பொறியின் இயக்கத்துக்கும் பிரிக்கவியலாத உறவு இருப்பின் குலாக் வழக்கின் பக்கம் சாயும். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் நகரா விசைகள் இரண்டாம் வகைக்குத் தக்க சான்று. புள்ளி, இகர ஈகாரக் குறிகள் போன்றவை எழுத்தின் மேலேயே பதிய வேண்டியவை. ஆதலின் அவற்றை அழுத்தும்போது தாளேந்தி நகரக்கூடாது. எக்குறி நகரும் விசையில், எக்குறி நகரா விசையில் என்னும் முடிவு எழுத்தியலும் பொறியியலும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் எடுக்கப்பட்டது. அதை வெறும் எழுத்தடுக்கு என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியச் சட்டம்: இரு கதவுகள்

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கண்டுபிடிப்பு ஆகாதவற்றைப் பட்டியலிடுகிறது. விசையமைப்பு அப்பட்டியலின் பல உட்பிரிவுகளை உரசிச் செல்கிறது. மனச்செயலுக்கான திட்டமோ விதியோ ஆகாது என்கிறது 3(எம்); தகவலை முன்வைக்கும் முறை ஆகாது என்கிறது 3(என்). மரபறிவு ஆகாது என்னும் 3(பி) உட்பிரிவையும் சிலர் நினைவுகூரலாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என முப்பது எழுத்துகளைத் தொல்காப்பியமே வரையறுத்துவிட்டதல்லவா? ஆனால் மூலிகை, மருத்துவம் முதலியவற்றை மனத்திற்கொண்டு அமைந்த அவ்வுட்பிரிவை நெடுங்கணக்குக்கு நீட்டுவது வலிந்த வாதம் என்றே தோன்றுகிறது. அது தேவையும் இல்லை. நேரடியாகப் பொருந்தும் இரு உட்பிரிவுகள் வேறு உள்ளன.

முதலாவது 3(எஃப்). அறியப்பட்ட கருவிகளை, ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் அறியப்பட்ட முறையிலேயே இயங்கும் நிலையில், அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது என்பது இதன் சாரம். இவ்வரையறையை விசைப்பலகைக்காகவே எழுதியிருப்பார்களோ என்று எண்ணத்தக்க அளவுக்கு அது பொருந்துகிறது. ககர விசையை அழுத்தினால் ககரம் வரும். அருகிலுள்ள விசை எதுவாயினும் அதில் மாற்றமில்லை. முப்பது விசைகளும் தனித்தனியே தம் பணியைச் செய்கின்றன. அவற்றை இடம்மாற்றி வைப்பது மாற்றடுக்கே. முன்னுரையில் வரைந்துகாட்டிய நெடுங்கணக்கு அமைப்பு இக்கதவிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது 3(கே). கணித முறை, வணிக முறை, தன்னளவில் கணினி நிரல், படிமுறைத் தீர்வு ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது இது. விசைகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குமாறு அமைத்தால் 3(எஃப்) கதவைக் கடக்கலாம். ஆனால் இன்றைய கணினியில் அச்சார்பு நிரலின் வழியாகவே நிகழ்கிறது. உடனே 3(கே) எதிர்ப்படும். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றதில் சிக்கும் இவ்விடுக்கியே இந்தியாவில் விசையமைப்புக்குக் காப்புரிமை கோருவதன் முதன்மைச் சிக்கல்.

இடுக்கியிலிருந்து வெளியேறும் வழி முற்றும் அடைபட்டதன்று. ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், 'தன்னளவில்' என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டென்பதை வலியுறுத்தியது. நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதனாலேயே ஒரு கண்டுபிடிப்பை ஒதுக்கக்கூடாது. தொழில்நுட்ப விளைவு அல்லது தொழில்நுட்பப் பங்களிப்பு இருப்பின் அதனை ஆராய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் போக்கு. எனவே விசையமைப்பு விண்ணப்பத்தின் வெற்றி தோல்வி, தொழில்நுட்ப விளைவு என எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. கற்க எளிது, கண்ணுக்கு இனிது, மரபோடு ஒத்தது என்பன விளைவுகள்தாம். தொழில்நுட்ப விளைவுகள் அல்ல. விசையழுத்தங்களின் எண்ணிக்கை குறைதல், தவறான எழுத்துச்சேர்க்கையைப் பொறியே தடுத்தல், குறைந்த விசைகளால் முழு எழுத்துத்தொகுதியையும் உள்ளிடல் போன்றவற்றை அளந்து காட்டினால் நிலைமை வேறு.

புதுமை எளிது, புத்தாக்கப் படி அரிது

காப்புரிமைக்குப் புதுமை மட்டும் போதாது. முன்னரே அறியப்பட்டவற்றிலிருந்து அத்துறை வல்லுநருக்கு எளிதில் புலப்படாத ஒரு படி முன்னேற்றமும் வேண்டும். சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு, இப்புத்தாக்கப் படியானது இருக்கும் அறிவோடு ஒப்பிடத் தொழில்நுட்ப முன்னேற்றமாகவோ பொருளாதார முக்கியத்துவம் உடையதாகவோ இரண்டுமாகவோ இருக்க வேண்டும் என்கிறது.

விசையமைப்பில் புதுமை மிக எளிது. இருபத்தாறு ஆங்கில எழுத்துகளை இருபத்தாறு விசைகளில் ஏறத்தாழ 4க்குப் பின் 26 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையிலான வகைகளில் அடுக்கலாம். தமிழின் முப்பது எழுத்துகளுக்கு அவ்வெண்ணிக்கை பத்தின் 32ஆம் அடுக்கைத் தாண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடுக்கைத் தேர்ந்தாலும் அது உலகில் எவரும் பயன்படுத்தாததாகவே இருக்கும். இத்தகைய புதுமைக்கு மதிப்பில்லை. கோடிக்கணக்கான அடுக்குகளுள் இதனை ஏன் தேர்ந்தோம் என்பதற்கான காரணமே புத்தாக்கப் படியின் இருப்பிடம்.

அகரவரிசை அமைப்பில் அக்காரணம் முன்னரே ஊரறிந்தது. எழுத்துகளை எல்லாரும் அறிந்த வரிசையில் வைத்தால் தேடுவது எளிதாகும் என்பது எவருக்கும் தோன்றும் எண்ணம். எனவே முழு அகரவரிசை அமைப்புக்குப் புத்தாக்கப் படி இல்லை. ஓரளவு விலகிய அமைப்புக்கோ, விலகிய பகுதிக்கு மட்டுமே காரணம் காட்ட இயலும். உரிமையும் அப்பகுதிக்கு மட்டுமே கிடைக்கும். மாற்று அகரவரிசை விசையமைப்பு என்னும் தொடரிலேயே இம்முரண் அடங்கியுள்ளது: மாற்று என்னும் சொல் காப்புரிமையை நோக்கி இழுக்கிறது, அகரவரிசை என்னும் சொல் அதிலிருந்து விலக்குகிறது.

தேடுவது எளிதாகும் என்னும் அவ்வெண்ணமும் ஆய்வில் நிலைபெறவில்லை. டொனால்டு நார்மனும் டயான் ஃபிஷரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், தட்டச்சு அறியாதவர்க்கு அகரவரிசை விசைப்பலகை, எழுத்துகளைத் தாறுமாறாக அடுக்கிய பலகையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு எளிதாக அமையவில்லை என்று கண்டனர். ஓர் எழுத்து வரிசையில் எங்கே உள்ளது என்று மனத்தில் கணக்கிடுவதும், வரிசை எவ்விடத்தில் முறிந்து அடுத்த அடுக்குக்குச் செல்கிறது என்று தேடுவதும் எதிர்பார்த்த ஆதாயத்தை விழுங்கிவிடுகின்றன. பிரான்சின் மினிடெல் முனையங்கள் முதலில் அகரவரிசைப் பலகையோடு வந்து, பின்னர் அந்நாட்டின் வழக்கமான அசெர்ட்டி வரிசைக்கு மாறியதும் நினைக்கத்தக்கது. தமிழ் நெடுங்கணக்கில் வல்லினமும் அதன் இன மெல்லினமும் அடுத்தடுத்து வருவதால் முடிவு வேறாகலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அது தமிழ்ப் பயனரிடம் செய்த சோதனையால் நிறுவப்பட வேண்டியது. நெடுங்கணக்கின் பெருமையைச் சொல்லி நிறுவக்கூடியதன்று.

பொருளாதார முக்கியத்துவம் என்னும் மாற்றுவழியும் எளிதன்று. பொருளியலறிஞர் பால் டேவிட் 1985இல் எழுதிய கட்டுரை, சிறந்த அமைப்பு இருந்தும் உலகம் குவெர்ட்டியில் பூட்டப்பட்டுவிட்டது என்றது. லீபோவிட்சும் மார்கோலிசும் 1990இல் அதனை மறுத்து, டுவோராக்கின் மேன்மைக்கான சான்றுகளே நலிந்தவை என்றனர். ஒரு விசையமைப்பு மற்றொன்றைவிடப் பொருளாதாரப் பயன் உடையதா என்பதே இன்னும் வழக்கில் இருக்கும் செய்தி. உச்சநீதிமன்றம் 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பாத்திரம் கடையும் கருவியில் செய்த சிறு திருத்தத்தைப் பட்டறைத் தொழிலாளியே செய்யத்தக்க மேம்பாடு என்று கருதிக் காப்புரிமையை நீக்கியது. விசையமைப்பில் இரண்டு எழுத்துகளை இடம்மாற்றுவோர்க்கு அத்தீர்ப்பு நினைவிருக்க வேண்டும்.

தமிழ்99 காட்டும் பிரிகோடு

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பை இவ்வளவுகோல்களால் ஆராய்வது தெளிவு தரும். அதில் இரு கூறுகள் உள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பவர் குறைவு.

முதற்கூறு இடவமைப்பு. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்களுள் பெரும்பாலன வலக்கைப் பக்கம். அ, இ, உ, எ ஆகிய குறில்கள் நடு வரிசையில் அமைய, அவற்றின் நெடில்கள் மேல் வரிசையில் அமைகின்றன. க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கையின் நடு வரிசையைப் பெறுகின்றன. இது சிந்தித்துச் செய்த அமைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் உயிரை இடப்பக்கமும் மெய்யை வலப்பக்கமும் வைக்கும் கருத்து 1980களில் இந்திய மொழிகளுக்கு வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் முன்னரே உள்ளது; ஆங்கிலத்தில் 1936ஆம் ஆண்டு டுவோராக் காப்புரிமையிலேயே உள்ளது. இடவமைப்பு மட்டுமே உரிமையாகக் கோரப்பட்டிருந்தால், 3(எஃப்) உட்பிரிவும் இம்முன்னறிவும் சேர்ந்து அதனை வீழ்த்தியிருக்கும்.

இரண்டாங்கூறு விதியமைப்பு. ஒரே மெய்யின் விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்து தானே புள்ளி பெறும்: 'க' விசையை இருமுறை தட்ட 'க்க' கிடைக்கிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரின் மெல்லினம் தானே புள்ளி பெறும்: 'ந', 'த' என்று தட்ட 'ந்த' வருகிறது, 'ம', 'ப' என்று தட்ட 'ம்ப' வருகிறது. அகரமேறிய மெய்யை ஒரே தட்டில் பெறுவதும், அதன்பின் உயிர் விசையைத் தட்ட உயிர்மெய் உருவாவதும் இத்துடன் இணைந்தவை. இங்கு ஒரு விசையின் பயன் அதற்கு முன் அழுத்திய விசையைச் சார்ந்துள்ளது. தனித்தனியே இயங்கும் கருவிகளின் மாற்றடுக்கு என்று இதனைக் கூற இயலாது. இரட்டித்தலும் இனவெழுத்து மயக்கமும் தமிழில் மிகுதி. ஆதலின் புள்ளி விசையை அழுத்தும் தேவை பெரிதும் குறைகிறது. அளக்கத்தக்க தொழில்நுட்ப விளைவு என்பது இதுவே. தமிழ் இலக்கணத்தின் மெய்ம்மயக்க விதி உள்ளீட்டு முறையாக உருமாறிய இவ்விடத்தில்தான், கோரியிருந்தால், காப்புரிமை வாதத்துக்கு வலு இருந்திருக்கும்.

பொதுத்தரமாக வெளியிடப்பட்டமையால், இடவமைப்பும் விதியமைப்பும் 1999இலிருந்தே உலகெங்கும் முன்னறிவாகிவிட்டன. எவரும் அவற்றைப் புதிதாகத் தமக்கென உரிமை கோர முடியாது. அவற்றை அடிப்படையாகக் கொண்டு கைப்பேசிக்கு ஓர் அகரவரிசை அமைப்பை வகுப்பவர், தம் விதிகள் தமிழ்99 விதிகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் காட்டியாக வேண்டும்.

வங்காள எழுத்தின் வழக்கு

எழுத்தமைப்பில் தனியுரிமை கோரினால் என்ன நிகழும் என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்று வங்கதேசம். முஸ்தபா ஜப்பார் 1980களின் இறுதியில் வெளியிட்ட பிஜோய் வங்காள விசைப்பலகை அந்நாட்டில் பரவலாகப் புழங்கியது. மெஹ்தி ஹாசன் கான் 2003இல் வெளியிட்ட அவ்ரோ என்னும் இலவச ஒருங்குறி மென்பொருள், பல அமைப்புகளோடு யூனிபிஜோய் என்னும் அமைப்பையும் கொண்டிருந்தது. அது பிஜோயை ஒத்தது என்று ஜப்பார் 2010இல் பதிப்புரிமை அலுவலகத்தில் முறையிட்டார். அவ்வாண்டிலேயே இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அவ்ரோ அவ்வமைப்பைப் பின்வந்த பதிப்பிலிருந்து நீக்கியது.

நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமலே ஓர் எழுத்தமைப்பு மென்பொருளிலிருந்து மறைந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. எழுத்துகளின் இடவமைப்பு பதிப்புரிமைக்கு உரியதா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. இந்தியாவில் அவ்வினா எழுந்தால், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்னும் 1978ஆம் ஆண்டு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கின் தீர்ப்பு முன்னிற்கும். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு லோட்டஸ்–போர்லாண்டு வழக்கில், மென்பொருளின் கட்டளைப் பட்டியலை ஒளிப்பேழைக் கருவியின் பொத்தான்களோடு ஒப்பிட்டு, அது இயக்கும் முறையாதலால் பதிப்புரிமைக்கு உட்படாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அக்கருத்து விசையமைப்புக்கு இன்னும் நேராகப் பொருந்தும். மென்பொருளின் நிரல்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. அதே அமைப்பைத் தம் சொந்த நிரலால் உருவாக்குவோரை அது கட்டுப்படுத்தாது.

விசையின் உருவமோ வேறு செய்தி. பிளாக்பெரி நிறுவனம் 2014இல் டைப்போ நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை பெற்றது குவெர்ட்டி வரிசைக்காக அன்று. விசைகளின் வடிவும் அடுக்கின் தோற்றமும் பற்றிய காப்புரிமைகளுக்காக. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இத்தகைய தோற்றத்துக்குப் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் காப்பளிக்கிறது. கண்ணால் கண்டு தீர்மானிக்கப்படும் தோற்றமே அதன் பொருள். எழுத்து வரிசையின் பயன்பாடு அன்று.

ஆய்வாளரின் நாட்காட்டி

விசையமைப்பு ஆய்வுகள் பெரும்பாலும் முதலில் கருத்தரங்கக் கட்டுரையாகவே வெளிவருகின்றன. விண்ணப்ப நாளுக்கு முன் எந்நாட்டில் எவ்வடிவில் வெளியானதும் முன்னறிவாகும் என்பது பொதுவிதி. ஆய்வாளரின் சொந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும். இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு அளிக்கிறது. உண்மையான முதற்கண்டுபிடிப்பாளர் கற்றோர் அவையொன்றில் படித்த கட்டுரையோ, அவர் இசைவுடன் அவ்வவையின் நடவடிக்கைத் தொகுப்பில் வெளியான கட்டுரையோ, படித்த அல்லது வெளியான நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் அவருக்கு எதிராக நிற்காது. தனிப்பட்ட மின்னிதழ், முகநூல் பதிவு, செயலிக் கடையில் வெளியிட்ட மாதிரிச் செயலி ஆகியவை இவ்விலக்குக்குள் அடங்கும் என்று நம்பியிருப்பது துணிச்சலான செயல். ஐரோப்பியக் காப்புரிமை முறையிலோ இத்தகைய சலுகை ஏறத்தாழ இல்லை. கட்டுரை வெளியானால் கதவு மூடியது.

விண்ணப்பத்தை எழுதும்போது உரிமைக்கோரலில் எழுத்துகளின் பட்டியலை மட்டும் இடுவது இரு வகையிலும் தீங்கு தரும். அது 3(எஃப்) உட்பிரிவை வரவழைக்கும். ஏற்கப்பட்டாலும் போட்டியாளர் இரண்டு எழுத்துகளை மாற்றி வைத்து எளிதில் விலகிச் சென்றுவிடுவார். விசைகளுக்கு இடையேயான சார்பு விதி, அவ்விதி பொறியில் நிகழ்த்தும் மாற்றம், எழுத்து வருகைவீதத்தைக் கணக்கிட்ட தரவின் விவரம், ஒப்பீட்டுச் சோதனையின் முறை ஆகியவை விவரக்குறிப்பில் இடம்பெற வேண்டும். தரவு எவ்வகை உரைநடையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். செய்தித்தாளின் தமிழில் எழுத்துகள் வரும் வீதமும் உரையாடல் தமிழில் வரும் வீதமும் ஒன்றல்ல.

காப்புரிமை பெற்றாலும் அதனை நடைமுறைப்படுத்துவது எளிதன்று. கீமேன், மைக்ரோசாப்டின் விசையமைப்பு உருவாக்கி போன்ற கருவிகளால் எந்தப் பயனரும் தமக்கு வேண்டிய அமைப்பைத் தாமே எழுதிக்கொள்ளலாம். சட்டத்தின் 48ஆம் பிரிவு தரும் தடுப்புரிமையை வீட்டிலிருந்து தட்டும் பல்லாயிரவர்மேல் செலுத்த எவரும் முயலப்போவதில்லை. எனவே உரிமையின் பயன் கைப்பேசி உற்பத்தியாளர், மென்பொருள் நிறுவனம் ஆகியோரிடம் மட்டுமே செல்லும்.

உரிமை கோர விரும்பாதோர்க்கும் ஒரு வேலை உண்டு. பொதுப் பயனுக்கென வகுத்த அமைப்பை, நாள் குறிப்பிட்டு, விதிகளை முழுமையாக விவரித்து, எவரும் தேடிக் காணத்தக்க இதழில் வெளியிட்டுவிட்டால் அதுவே அரணாகும். 2006இல் வெளியான ஆங்கிலக் கோல்மேக் அமைப்பு பொதுவுடைமையாகவே அறிவிக்கப்பட்டது. வேறொருவர் அதே அமைப்புக்கு இந்தியாவில் விண்ணப்பித்தால், வெளியிடப்பட்ட கட்டுரையைச் சான்றாகக் காட்டி, வழங்குமுன் 25(1) பிரிவின்கீழ் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்; வழங்கிய அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் 25(2) பிரிவின்கீழ் அக்கறையுடையோர் எதிர்க்கலாம். அவ்வெதிர்ப்பில் எடுபடுவது விசையமைப்பின் படம் அன்று. எவ்விசையை அடுத்து எவ்விசை வந்தால் பொறி என்ன செய்யும் என்று வரிவரியாக எழுதிய விதிப்பட்டியலும், அதன்மேல் பொறித்த நாளுமே.